நெதர்லாந்தில் தனியாக ஒரு நாள்

திருவாரூர் பக்கம் 3 ஏக்கரில் நெல் சாகுபடி செய்யும் ஒரு பெரியவர், பேரன் பிறந்ததும் மனைவியோடு நெதர்லாந்து போனார். மகனுக்கு ராட்டர்டாம் நகரத்தில் வேலை. குறுகிய கால விசாவில் போகிறவர்கள் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் அங்கே தங்கலாம். அதில் முதல் 15 நாட்கள் அவர் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. விடிந்ததும் வரப்பில் நடந்து பழகியவர், சன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியா எங்கயும் போயிடாதீங்கப்பா. லீவு அன்னிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் மகன். மருமகள்தான் ஒரு நாள், "மாமாவுக்கு ஒரு தடவை பழக்கிவிட்டா அவரே போயிட்டு வந்துடுவார்" என்றாள்.

அங்கே பேருந்து, டிராம், மெட்ரோ, ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கம்தான். ஏறும்போது வங்கி அட்டையைக் கருவியில் தொட வேண்டும். இறங்கும்போது அதே அட்டையை மறுபடி தொட வேண்டும். போன தூரத்துக்கான கட்டணம் கணக்கில் கழியும். பேருந்திலும் டிராமிலும் கருவி வண்டிக்குள் இருக்கும். ரயிலுக்கு நிலையத்தின் வாயிலிலோ நடைமேடையிலோ இருக்கும். வேறு நிறுவனத்தின் ரயிலுக்கு மாறினால், முதல் ரயிலின் கருவியில் முடித்துவிட்டு அடுத்ததில் புதிதாகத் தொட வேண்டும்.

விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையாக இருந்தால் போதும். ஆனால் நம் ஊர் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. புறப்படும் முன்பே வங்கிக் கிளையில் சொல்லி அதையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் டிராமில் பெரியவர் ஏறும்போது தொட்டார், இறங்கும்போது மறந்துவிட்டார். நடத்துனர் யாரும் கேட்கவில்லை. ஆனால் போன தூரத்துக்கு மேல் பணம் பிடித்திருந்தார்கள். அதன்பிறகு அவர் மறக்கவில்லை. "மடையைத் திறந்தா மூடணும்ல, அது மாதிரிதான்" என்று மகனிடம் சொன்னார்.

இரண்டாவது பாடம் சாலை. அங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. நம் ஊர் பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் பார்த்துக் காலை வைத்தால், இடப்பக்கத்திலிருந்து வண்டி வந்துவிடும். எனவே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். சிவப்பாக இருக்கும் பாதை பெரும்பாலும் சைக்கிளுக்கானது. அதில் நடக்கக் கூடாது. சத்தமில்லாமல் வேகமாக வருவார்கள்.

ரயிலில் பெட்டியின் மேல் 1 என்று போட்டிருந்தால் முதல் வகுப்பு. 2 என்ற பெட்டியில்தான் ஏற வேண்டும். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். அதனால் நாம் ஏறும் பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்தே ஏற வேண்டும். சட்டைப்பையில் வீட்டு முகவரி எழுதிய சீட்டு இருப்பது நல்லது. அவசர எண் நம் ஊரைப் போலவே 112.

இதெல்லாம் கைவந்த பிறகு அவர் தனியாகப் போன இடம் கிண்டர்டைக். அங்கே 19 காற்றாலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. 1997-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாவு அரைப்பதற்காக அவற்றைக் கட்டவில்லை. தாழ்ந்த நிலத்து வாய்க்காலில் தேங்கும் தண்ணீரைச் சக்கரத்தால் மேலே ஏற்றி ஆற்றில் விடுவதற்காகக் கட்டினார்கள். அந்த நாட்டில் ஏறக்குறைய கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இறைக்காவிட்டால் மூழ்கிவிடும்.

ஐப்பசி மழையில் வயலில் நின்ற தண்ணீர் வடியாமல் பயிரை இழந்தவர் அவர். வாய்க்கால் கரையில் வெகுநேரம் நின்றார். மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நாம உள்ள தண்ணி வர்றதுக்கு இறைக்கிறோம். இவங்க வெளிய போறதுக்கு இறைக்கிறாங்க. வா, காட்டுறேன்" என்றார்.

அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஓர் அட்டையில் இருவர் போக முடியாது; ஆளுக்கு ஒன்று வேண்டும். அந்த அம்மாவின் அட்டை ஊரில் பீரோவுக்குள் இருந்தது. மகன் தன்னுடைய இன்னோர் அட்டையை அம்மாவிடம் கொடுத்தான். மறுவாரம் இருவரும் கிளம்பினார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த அம்மாதான் முதலில் தொட்டார், அவருக்கும் ஞாபகப்படுத்தினார்.