செவியின் கடமை

இசைக்குழுவை நடத்துபவர் தாமாக எந்த ஒலியையும் எழுப்புவதில்லை. ஆயினும் எந்த ஆக்கம் மக்கள் செவியை அடையும், எது ஏட்டளவிலேயே உறங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அவருக்குள்ள பங்கு பெரிது. கவிதையை வாசகன் தனித்திருந்தும் படிக்கலாம். நூறு கலைஞர் கூடினாலன்றி உயிர்பெறாத இசைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலால் நடத்துநரின் தெரிவு அழகியல் சார்ந்தது மட்டுமன்று, அறஞ்சார்ந்ததுமாகும். இவ்வெண்ணத்தை என்னுள் வேரூன்றச் செய்தவர் மிஹாயேல் கீலன்.

1927இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தை யோசெப் கீலன் நாடக நெறியாளர். யூதக் குடும்பத்தில் பிறந்த தாயின் சகோதரர் எடுவார்ட் ஸ்டொயர்மன், ஆர்னோல்ட் ஷோன்பேர்க்கின் வட்டத்தைச் சேர்ந்த பியானோக் கலைஞர். நாற்சி ஆட்சி அக்குடும்பத்தைப் புலம்பெயர வைத்தது. 1940இல் ஆர்ஜென்ரீனாவை அடைந்த சிறுவன், 1949இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஷோன்பேர்க்கின் பியானோ ஆக்கங்கள் அனைத்தையும் மேடையில் வாசிக்கும் இளைஞனாக வளர்ந்திருந்தான். நாற்சிகள் இழிந்ததென ஒதுக்கிய இசை, அவருக்கு வீட்டு மொழியாக இருந்தது. புதுமை மீதான அவரது பற்றை வெறும் நாகரிக மோகமெனக் கொள்ளவியலாமைக்கு இதுவே காரணம்.

பின்னர் வியன்னாவிலும் ஸ்ரொக்ஹோமிலும் பணியாற்றினார். 1965ஆம் ஆண்டு அவர் வாழ்விலும் புதிய இசையின் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு பெப்ரவரியில் கொலோன் நகரில் பேண்ட் அலொய்ஸ் ஸிமர்மனின் ‘போர்வீரர்கள்’ என்ற ஒப்பேராவையும், மார்ச்சில் ஸ்ரொக்ஹோமில் லிகெற்றியின் ‘ரெக்வியம்’ என்னும் ஆக்கத்தையும் அவர் முதன்முதலாக அரங்கேற்றினார். முன்னையது அரங்கேற்றவே இயலாதது எனக் கருதப்பட்டிருந்தது. பல காட்சிகள் ஒரே வேளையில் நிகழ்கின்றன. திரைப்படமும் ஒலிநாடாவும் ஜாஸ் குழுவும் பெரும் வாத்தியக் குழுவோடு சேர்கின்றன. காலம் நேர்கோடன்று, கோளமே என்பது ஸிமர்மனின் கொள்கை.

இந்த ஒப்பேராவைக் கேட்பது எனக்கு இன்றும் எளிதன்று. இராணுவ அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகச் சீரழித்த வணிகனின் மகள், முடிவில் தெருவில் பிச்சை கேட்கிறாள். தந்தை அவளை இன்னாரென்று அறியாமலே காசு கொடுத்துச் செல்கிறான். அவ்விடத்தில் எழும் ஒலிப்பேரலையை வேறெந்த இன்னிசையாலும் ஈடுசெய்ய முடியாதென்றே எனக்குத் தோன்றுகின்றது. இத்தகைய ஆக்கத்தில் நடத்துநர் ஒரு கணம் தளர்ந்தாலும் எஞ்சுவது இரைச்சலே. கீலனின் ஒலிப்பதிவிலோ ஒவ்வோர் இழையும் தெளிவாகக் கேட்கின்றது. அவரது நேர்மை முதற்கண் இத்தெளிவிலேயே வெளிப்படுகின்றது எனலாம்.

1977 முதல் 1987 வரை பிராங்பேர்ட் ஒப்பேராவின் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். நாடக ஆலோசகர் கிளவுஸ் ஸேஹெலைன் அவருக்குத் துணைநின்றார். நோனோவின் ஒப்பேரா 1978இல் மேடையேறிற்று. அதே நகரில் 1918இல் அரங்கேறி, நாற்சிக் காலத்தில் விலக்கப்பட்டு மறக்கப்பட்ட ஷ்ரேக்கரின் ‘குறியிடப்பட்டோர்’ 1979இல் மீண்டும் ஒலித்தது. 1981இல் நொயன்பெல்ஸ் நெறிப்படுத்திய ‘ஐடா’, எத்தியோப்பிய இளவரசியைத் துப்புரவுத் தொழிலாளியாகக் காட்டியதால் அரங்கில் பெருங்கூச்சல் எழுந்தது. பழையதைப் புதியதுபோலவும் புதியதைப் பழைய பேராக்கங்களுக்குரிய கவனத்தோடும் அணுகுவதே கீலனின் நெறி.

இந்நெறியின் உச்சம் 1978இல் பிராங்பேர்ட்டில் நிகழ்ந்தது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையே, ஷோன்பேர்க் 1947இல் இயற்றிய ‘வார்சோவிலிருந்து தப்பியவன்’ என்ற ஆக்கத்தை அவர் இடைவெளியின்றிப் புகுத்தினார். யூதர் கொலைக்கு இட்டுச்செல்லப்படும் காட்சியைச் சொல்லும், ஏறக்குறைய ஏழு நிமிட ஆக்கம் அது. எபிரேயப் பிரார்த்தனையோடு அது முடிந்ததும், பீத்தோவனின் கடைசிப் பகுதி தனது அலறலோடு தொடங்கும். மாந்தர் யாவரும் உடன்பிறந்தோர் என்னும் பாடல், அந்த உடன்பிறப்பு மறுக்கப்பட்ட வரலாற்றைக் கடந்தே செவியை அடையும்.

இதனை வியந்து பாராட்டுவதோடு நான் அமைய முடியவில்லை. கடைசிப் பகுதியில் முதலில் எழும் மனிதக் குரல், இதுவரை ஒலித்த நாதங்கள் வேண்டாம், இனிமையானவற்றைப் பாடுவோம் என்கிறது. பீத்தோவன் மறுத்தது தம் இசையை. கீலன் செய்த இடைச்செருகலின் பின்னரோ, அம்மறுப்பு கொல்லப்பட்டோரின் பிரார்த்தனை மீதும் விழுகின்றதல்லவா? அவர்களது துயரை ஒதுக்கிவிட்டு மகிழ்ச்சிக்குச் செல்ல எவருக்கு உரிமையுண்டு? இவ்வினாவுக்கு அந்நிகழ்ச்சி விடை தரவில்லை என்பதே என் கருத்து. ஆனால் அந்த இடைமறிப்பு இல்லாதிருந்தால் வினாவே எழுந்திராது. விழாக்களில் வழக்கமாக இசைக்கப்பட்டுப் பழகிப்போன ஓர் ஆக்கத்தை மீண்டும் மனச்சாட்சியின் முன் நிறுத்தியது அவரது சாதனை.

இத்தகைய பணி தனிமனித வீரத்தால் மட்டும் இயல்வதன்று என்பதும் நோக்கத்தக்கது. சீட்டு விற்பனையை மட்டும் நம்பிய அரங்கு மாதக்கணக்கான ஒத்திகையைத் தாங்காது. பொதுப்பணமும் வானொலி நிறுவனங்களும் பின்னின்றன. 1986 முதல் 1999 வரை அவர் தலைமை தாங்கிய பாடன்-பாடன் வானொலி இசைக்குழு, 2016இல் ஸ்ருட்கார்ட் குழுவோடு இணைக்கப்பட்டுத் தன் தனித்துவத்தை இழந்தது. பார்வை குன்றியதால் 2014இல் மேடையை விட்டு விலகியிருந்த முதியவர் அதனையும் கண்டே 2019இல் மறைந்தார். ஒரு கலைஞர் எழுப்பியதை நிருவாகத் தீர்மானம் ஒன்று கலைத்துவிடலாம் என்பது கசப்பான பாடம்.

ஆயினும் ஒன்று எஞ்சுகின்றது. கலை நமக்கு ஆறுதல் தரவேண்டும் என நாம் எதிர்பார்ப்பது தவறன்று. ஆறுதல் மட்டுமே தரவேண்டும் என்று வற்புறுத்தும்போது, கேட்க மறுக்கப்பட்ட குரல்கள் இரண்டாம் முறையும் மௌனமாக்கப்படுகின்றன. இசைப்போருக்கு மட்டுமன்றிக் கேட்போருக்கும் கடமையுண்டு என்பதையே கீலனின் வாழ்க்கை உணர்த்துகின்றது.