ஞாயிற்றுக்கிழமை முகங்கள்

கும்மிடிப்பூண்டியில் ஞாயிறு மதியத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைவதே சிரமம். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே கண்ணாடி முன்னால் தலை வாரும் கூட்டம். சிப்காட் தொழிற்பேட்டையின் கம்பி மில்களிலும் உருக்காலைகளிலும் வார விடுப்பு கிடைத்த பையன்கள், அறைக்கு ஒன்றாக இருக்கும் நல்ல சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு வேண்டியது வாட்ஸ்அப் டி.பி.க்கு ஒரு படம், இன்ஸ்டாகிராமில் போட நாலு படம்.

இந்தப் படங்களை நான் வெகு நாளாகக் கைபேசியில் பார்த்துவந்தேன். உருவப்படம் பற்றி எழுதுகிறவன் என்பதால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, அகப்படும் முகங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த சில படங்கள் பத்திரிகை அட்டையில் போடத் தகுந்தவை. அவற்றை எடுக்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிப் போனால் கும்மிடிப்பூண்டி. புறநகர் ரயில்கள் பலவும் இங்கேயே திரும்பிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் ஆரம்பாக்கம், அதற்கப்புறம் ஆந்திரம். கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட்டுக்கு பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலத்து ஆட்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஓடுகின்றன.

ஜி.என்.டி. சாலைப் பக்கம், மாடியில் இருந்தது நான் போன ஸ்டுடியோ. உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிலிம் காலத்தில் பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, டார்க் ரூமில் கழுவக் கற்று, பிறகு இங்கே சொந்தமாகத் தொடங்கியவர். ஆரம்பத்தில் அவருக்குச் சோறு போட்டவர்கள் இங்குள்ள முகாமில் இருக்கும் ஈழத்தமிழர்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் அண்ணனுக்கும் மகளுக்கும் அனுப்பக் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். “அவங்களுக்கு அந்தப் படந்தான் சார் கடுதாசி. பிள்ளை வளந்திருக்கான், அம்மா இளைச்சிருக்காங்க, எல்லாத்தையும் அதுலயே பாத்துக்குவாங்க. இப்ப வர்ற வடக்கத்திப் பசங்களுக்கும் அதேதான். போன்ல போவுது, அவ்ளோதான்.”

அன்று முதலில் உட்கார்ந்தவன் ஒடிசாப் பையன். ரோலிங் மில்லில் வேலை, முன்கையில் சூடு பட்ட தழும்புகள். நண்பனின் கூலிங் கிளாஸ், நண்பனின் ஜாக்கெட். உரிமையாளர் அவனைப் படுதா முன்னால் நிறுத்துவதற்கு முன் ஒரு ஈரத் துண்டைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். பவுடர் டப்பா பக்கத்திலேயே இருந்தது. பையன் கை நீட்டியபோது அதை நகர்த்தி வைத்தார். வெள்ளைப் படுதாவைச் சுருட்டிவிட்டு அரக்கு நிறத் துணியை இறக்கினார். பெரிய சாஃப்ட் பாக்ஸை முகத்துக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில், கன்னத்தை உரசுகிற தூரத்துக்குக் கொண்டுவந்தார். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை.

“கறுப்பு முகத்தை நிழல் காட்டாது சார், பளபளப்புதான் காட்டும்” என்றார். எத்தனையோ பாடப்புத்தகங்களில் பத்துப் பக்கம் எழுதி விளக்குகிற விஷயம் இது. சிவந்த மேனியில் மூக்கும் தாடையும் நிழலால் உருவம் பெறுகின்றன. கரிய மேனியில் ஒளி பட்டுத் திரும்பும் இடங்களால் உருவம் பெறுகின்றன. ஆகவே விளக்கு பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும், சாய்ந்து விழ வேண்டும். பின்னால் வெள்ளை இருந்தால் கேமராவின் ஒளி அளவி அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். முகம் கரிக்கட்டியாகும். அரசு விண்ணப்பத்துக்கு வெள்ளைப் பின்னணிதான் கேட்கிறார்கள் என்பதால், அதற்கு மட்டும் ஆளைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்து, முகத்துக்குத் தனி விளக்குப் போட்டு, ஒரு ஸ்டாப் திறந்து, அதாவது இரு மடங்கு ஒளி விட்டு, எடுக்கிறார். நம் ஊரில் எத்தனை அடையாள அட்டைகளில் மனிதர்கள் அடையாளமே தெரியாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு ஸ்டாப்பின் மதிப்பு தெரியும்.

இந்தக் குறை இயந்திரத்தின் பிறப்பிலேயே சேர்ந்தது. கோடாக் நிறுவனம் லேப்களில் வண்ணத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் எழுதிய கட்டுரையில், பிலிமில் கரிய நிறங்கள் தெளிவாக வரவில்லை என்ற புகாரை நிறுவனம் காதில் வாங்கிக்கொள்ள சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது என்கிறார். மனித முகம் சொல்லிக் கேட்காததை மேசை நாற்காலி சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கைபேசிக் காலத்திலும், கரிய மேனியை உள்ளபடி காட்டும் ‘ரியல் டோன்’ என்ற ஏற்பாட்டைக் கூகுள் தன் பிக்சல் 6 கைபேசியில் கொண்டுவந்தது 2021-ல்தான். நம் பையன்கள் வாங்கும் விலையிலுள்ள பல கைபேசிகளில் பியூட்டி மோடு கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தழும்பையும் மச்சத்தையும் அழித்து, நிறத்தை ஒரு படி ஏற்றித்தான் படத்தைக் கையில் தருகிறது.

உள்ளறையில் கணினி முன் உட்கார்ந்திருந்த அக்காதான் படங்களைச் சரிசெய்கிறவர். அதிகம் கேட்கப்படும் வேலை எது என்றேன். “கலர் ஏத்தச் சொல்றதுதான்” என்றார் யோசிக்காமல். பருவை நீக்குவார், கலைந்த முடியை எடுப்பார், கண்ணுக்குக் கீழே நைட் ஷிப்ட் விட்டுப்போன கருவளையத்தைக் கொஞ்சம் குறைப்பார். பரு அடுத்த வாரம் போய்விடும், ஆகவே எடுக்கலாம். மச்சமும் தழும்பும் போகாது, ஆகவே கேட்டால் ஒழியத் தொடமாட்டார். நிறம் ஏற்றக் கேட்பவர்களுக்கு முதலில் ஏற்றாத படத்தைப் பெரிதாகத் திரையில் காட்டுவார். “நல்லா லைட் பண்ணி எடுத்திருந்தா, பாதிப் பேரு இதுவே போதும்க்கான்னு சொல்லிடுவாங்க.” மீதிப் பாதிக்கு ஏற்றித் தருகிறார். அது அவர் பிழைப்பு, அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அந்தப் பாதிப் பேரைத் திருப்பியது விளக்கு வைத்த விதம் என்பதை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

டச்சிங் நேற்று வந்த பழக்கமல்ல. கண்ணாடி நெகட்டிவிலேயே கூரான பென்சிலால் கோடு கோடாகத் தடவி முகச் சுருக்கத்தை எடுத்தவர்கள் நம் ஸ்டுடியோக்காரர்கள். 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த படங்களைத் தேடி எண்ணிமமாக்கும் வேலையைப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு செய்திருக்கிறது. பூந்தொட்டி, தூண், வரைந்த மாளிகை, கையில் புத்தகம் என்று அன்றைய முகங்களும் அலங்காரம் பூண்டவைதான். மாலியின் பமாகோ நகரில் 1948-ல் ஸ்டுடியோ திறந்த ஸேய்டூ கெய்ட்டாவும் வருகிறவர்களுக்குக் கைக்கடிகாரம், பேனா, ரேடியோ எல்லாம் தயாராக வைத்திருந்தார். கடன் வாங்கிய ஜாக்கெட்டைப் பார்த்து இது பொய்த் தோற்றம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. தான் இப்படி இருக்க ஆசைப்படுகிறேன் என்று ஒருவன் சொல்வதும் அவனைப் பற்றிய உண்மைதான். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முகத்தை மாற்றிவிட்டால் எதைத் திருப்பிக் கொடுப்பது?

சென்னையில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 2017 டிசம்பரில் விளம்பரத் துறையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக் கலைஞர் நரேஷ் நில்லும் ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற படத்தொடரை எடுத்தார்கள். லட்சுமி, சரஸ்வதி, துர்க்கை எல்லாம் கரிய நிறத்துப் பெண்கள். காலண்டரில் சிவந்த தெய்வங்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அவை சமூக ஊடகம் வழியாகவே போய்ச் சேர்ந்து பெரிய விவாதத்தைக் கிளப்பின. அந்தப் படங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். நகை, ஒளி, பின்னணி, எல்லாம் அந்த மேனிக்காகவே அமைக்கப்பட்டவை. கருத்து நன்றாக இருந்ததோடு கைவேலையும் நன்றாக இருந்ததால்தான் அவை பரவின.

ஸ்டுடியோக்காரர் என்னை ஒரு தம்பியிடம் அனுப்பினார். தேர்வாய் கண்டிகைப் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் இருக்கிறான், மூன்று ஷிப்டு. லீவு நாளில் பழைய கேமரா ஒன்றையும் 50 எம்.எம். லென்ஸையும் தூக்கிக்கொண்டு படம் எடுக்கப் போய்விடுவான். இன்ஸ்டாகிராமில் அவன் பக்கத்தைப் பார்த்துத் திருவள்ளூரிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். பூண்டி ஏரிக்கரையில், 1944-ல் கட்டிய சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கத்துப் பக்கம், ஒரு விடிகாலை அவனோடு இருந்தேன். திருவள்ளூரைச் சேர்ந்த ஒரு பெண், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், அம்மாவோடு வந்திருந்தார். சூரியன் ஏறி உறைக்கத் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தம்பி அவசரப்பட்டான். ஆனால் கேமராவை எடுக்கவில்லை. முதலில் அம்மாவிடம் பேசினான்.

“படம் உங்க போனுக்குத்தான் வரும்மா. எம் பேஜுல போடணும்னா எதைப் போடறேன்னு கேட்டுட்டுதான் போடுவேன். நாளைக்கு எடுத்துடுன்னு சொன்னீங்கன்னா எடுத்துடுவேன்.”

இந்த மூன்று வாக்கியங்கள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. நம் ஊர்ப் பெண்கள் பலரின் டி.பி.யில் பூவும் குழந்தையும் சாமியும் இருப்பதற்குக் காரணம் வெட்கம் அல்ல, பயம். படத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டிவிடுவார்கள் என்ற பயம். அது கற்பனையும் அல்ல. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் அப்படி மார்ஃபிங் செய்த படத்தைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று தளங்களுக்கு வரையறுத்தன. இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் வாடிக்கையாளர் படத்தை விளம்பரமாகப் போடும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை அழகான படமாக இருந்தாலும் அது திருட்டு.

எடுத்து முடித்ததும் தம்பி பகிர்வதைப் பற்றிச் சொன்னவை எல்லாம் உழைத்துக் கற்றவை. வாட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு, 2023-லிருந்து எச்.டி. வசதி வந்திருந்தாலும் டாக்குமெண்ட்தான் அசல். டி.பி. வட்டமாக வெட்டப்படும், தலைக்கு மேல் இடம் விட்டு எடு. இன்ஸ்டாகிராமுக்கு நாலுக்கு ஐந்து அளவு, 1080 பிக்சல் அகலம். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் சதுரக் கட்டங்களை நீள்சதுரமாக மாற்றியபோது, அவன் அழகாக அடுக்கிவைத்திருந்த பழைய படங்களில் பின்னணி எழுத்தெல்லாம் வெட்டுப்பட்டுப் போனது. அன்றிலிருந்து நடுவில் முகம், சுற்றிலும் காற்று என்று எடுக்கிறான். மற்றவர்கள் விற்கும் பிரீசெட்டுகளை, அதாவது ஆயத்த நிற அமைப்புகளை, விட்டுவிட்டான். எல்லா முகத்தையும் ஒரே ஆரஞ்சு நிறமாக்கிவிடுகின்றன என்கிறான். ஒரே நாளில் பத்துப் படம் போடுவதில்லை; வாரத்துக்கு ஒரு முகம், கீழே அந்த ஆளே சொன்ன ஒரு வரி. அதில்தான் ஆட்கள் நின்று படிக்கிறார்கள் என்பது அவன் அனுபவம்.

அவன் பக்கத்தில் என்னை நிறுத்திய படங்கள் தொழிலாளர்களுடையவை. அழுக்கு, வியர்வை, பரிதாபம் என்று வெளியூர்க் கேமராக்கள் தேடுவது எதுவும் அவற்றில் இல்லை. வெல்டர் ஒருவர் முகக்கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு நேராகப் பார்க்கிறார். கேன்டீன் அம்மா கரண்டியோடு நிற்கிறார். இர்விங் பென் 1950, 51-ல் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் தச்சரையும் மீன்காரரையும் வேலைக் கருவிகளோடு ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து, ஃபேஷன் அழகிகளுக்குக் கொடுத்த அதே ஒளியில் நிறுத்தினார். இந்தத் தம்பி பென்னைக் கேள்விப்பட்டதில்லை. அதே இடத்துக்குத் தன் வழியில் வந்திருக்கிறான்.

“உள்ளே போன் எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க சார். கேட் வாசல் டீக்கடைதான் என் ஸ்டுடியோ” என்றான். ஷிப்டு முடிந்து வருகிறவரை ஓட்டுச் சார்ப்பின் நிழலுக்குள் ஓரடி தள்ளி நிறுத்தினால், எதிரிலிருக்கும் திறந்த வானமே சாஃப்ட் பாக்ஸ் ஆகிவிடுகிறது. பின்னால் கறுப்புத் துணியை ஒரு நண்பன் பிடித்துக்கொள்வான். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை ஆகிவிட வேண்டும், பஸ் வந்துவிடும். படம் எடுத்துக்கொண்டவருக்கு அன்றிரவே அனுப்பிவிடுகிறான். போடலாம் என்று பதில் வந்தால்தான் பக்கத்துக்குப் போகும். இந்தி ஆட்கள் என்றால் அந்த ஒரு வரியை அவர்கள் மொழியிலேயே குரலாக வாங்கி, ஸ்டுடியோ அண்ணனிடம் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்கிறான்.

வரும் ஆயுத பூஜைக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறான். அன்றைக்கு ஒருநாள் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து, குடும்பத்தையும் உள்ளே விடுகிற தொழிற்சாலைகள் உண்டு. கேமராவுக்கும் அன்று அனுமதி கிடைக்கும். தன் ஷெட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் அவரவர் இயந்திரத்தோடு, விரும்பினால் மனைவி மக்களோடு எடுப்பது, பெரிதாகப் பிரிண்டு போட்டுக் கொடுப்பது. மேனேஜரிடம் இன்னும் கேட்கவில்லை. சூப்பர்வைசரிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறான். பிரிண்டுக்கு ஆகும் செலவில் பாதியை ஸ்டுடியோ அண்ணன் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அரக்கு நிறத் துணியையும் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.