சதுரத் தலை மட்டையும் ஒட்டுப்பால் பந்தும்

ஒரு பொருள் சந்தையில் தோற்றுப்போக அதன் சத்தமும் ஒரு காரணமாக இருக்க முடியுமா? வானொலியில் குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தமானது. முடியும் என்பதுதான் பதில். கோல்ஃப் எனும் குழிப்பந்து ஆட்டத்தில் அது நடந்திருக்கிறது.

2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நைக்கி நிறுவனம் ‘சாஸ்குவாட்ச் சுமோ ஸ்குவேர்’ என்ற டிரைவரை வெளியிட்டது. டிரைவர் என்றதும் லோரி ஓட்டுநரை நினைத்துவிடாதீர்கள். முதல் அடியில் பந்தைத் தொலைதூரம் அனுப்பப் பயன்படும் நீளமான மட்டைக்கு அந்தப் பெயர். வழக்கமாக அதன் தலை பேரிக்காய்போல உருண்டு இருக்கும். நைக்கி அதைச் சதுரமாக்கியது. அதே ஆண்டு கேலவே நிறுவனமும் ‘எஃப்டி-ஐ’ என்று ஒரு சதுரத்தைக் கொண்டுவந்தது. இது வெறும் கிறுக்குத்தனம் இல்லை. எடையை மூலைகளுக்குத் தள்ளிவிட்டால், பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் மட்டையின் தலை அவ்வளவாகத் திரும்பாது. பந்து ஓரளவு நேராகவே போகும். ஓரத்தில் அடிக்கிறவர்கள்தானே உலகில் அதிகம்? கணக்குப்படி அத்தனை பேரும் வரிசையில் நின்று வாங்கியிருக்க வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. பந்தைத் தொட்டவுடன் காலி பிஸ்கட் டின்னைச் சுவரில் அடித்தது போன்ற ஓசை. மூன்று குழி தள்ளி நிற்பவருக்கும் கேட்கும். வெளியான சில வாரங்களிலேயே, மார்ச் மாதத்தில், சில மட்டைகளின் முகப்பு விதிக்கு மேல் துள்ளுகிறது என்று தெரிந்து, நைக்கி அவற்றை மாற்றித் தர வேண்டியதாயிற்று. தென்கொரியாவின் கே.ஜே. சோய் அதே ஆண்டில் அந்தச் சதுர மட்டையோடு அமெரிக்கப் போட்டிகளில் வென்று காட்டினார். அதற்குப் பிறகும் சதுரம் நிலைக்கவில்லை. இன்று எந்தக் கடைக்குப் போனாலும் பழையபடி உருண்டைத் தலைகள்தான். 2016 ஆகஸ்டில் நைக்கி, கோல்ஃப் மட்டை, பந்து, பை தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

சத்தம் என்பது சின்ன விஷயம் இல்லை. 2008ஆம் ஆண்டின் இறுதியில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு செய்தி வந்தது. மெல்லிய முகப்புள்ள டைட்டானியம் டிரைவரால் (இது வேறொரு மட்டை) தொடர்ந்து ஆடிய 55 வயதுக்காரர் ஒருவருக்குக் காது கேட்பது குறைந்துபோயிற்றாம். அந்த ஓசையே காரணமாக இருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். நாள் முழுக்கக் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும் ஆள் என்பதால் அதை இரண்டு முறை படித்தேன்.

ஞாயிறு மலரில் கோல்ஃப் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு இது பணக்காரர் ஆட்டமாக அறிமுகமாகவில்லை. என் தாய்மாமாவின் பிழைப்பாக அறிமுகமானது.

மாமா பிறந்தது பத்தாங் பெர்ஜூந்தை பக்கம் ஒரு தோட்டத்தில். 2007இல் அந்த ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் பெர்ஜூந்தைதான். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1990களில் ரவாங், உலு சிலாங்கூர் பக்கம் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது, மாமா அப்படியொரு திடலில் கேடியாகச் சேர்ந்தார். (ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவர்தான் கேடி. தமிழ்நாட்டு உறவினர்களிடம் இதைச் சொல்லும்போது உடனே விளக்கமும் சொல்லிவிடுவது நல்லது. அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.) லயத்தில் வளர்ந்தவர், எந்த மேடு எங்கே இறங்கும், மழைக்குப் பிறகு எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கேடி வேலையோடு ஒரு சிறு வியாபாரமும் நடந்தது. குளத்தில் விழுந்த பந்துகளை எடுத்து, கழுவி, தரம் பிரித்து, டஜன் கணக்கில் விற்பார். பழைய மட்டைகளும் அவருடைய புரோட்டோன் சாகாவின் பின்பெட்டியில் கிடக்கும். 2009இல் கிள்ளானில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையை மூடினார்கள். அங்கே நான்கு சதுரத் தலை டிரைவர்கள், பிரிக்காத உறையோடு, பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தன. மாமா கூட்டுப் பணத்தை எடுத்து நான்கையும் வாங்கிவிட்டார். அந்தக் கூட்டு, மகளை பொலிடெக்னிக்கில் சேர்க்க அத்தை இரண்டு வருடமாகக் கட்டி வந்தது.

விற்கவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். மகளைச் சேர்க்கும் நாள் வந்தபோது அத்தையின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அத்தை மட்டும் அந்த நான்கு மட்டைகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, கூட்டும்போது விளக்குமாறு அவற்றில் பலமாக இடிக்கும்படி பார்த்துக்கொண்டார்.

ஏன் விற்கவில்லை என்று ஒரு நாள் மாமாவிடம் கேட்டேன்.

“நல்ல மட்டதான் லா. ஆனா அதத் தூக்குனா நாலு பேரு திரும்பிப் பாக்குறான். அடிச்சா நாப்பது பேரு திரும்பிப் பாக்குறான். நேரா அடிக்கணும்னு வர்றவன் கொஞ்சம். நேரா அடிக்கிற ஆளு மாதிரி தெரியணும்னு வர்றவன்தான் ஜாஸ்தி.”

ஊடகத்துறையில் பட்டம் வாங்க மூன்று வருடம் விளம்பர உத்திகள் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொன்னதில்லை.

கேலவேயின் ‘இஆர்சி 2’ டிரைவர் கதையும் மாமா சொன்னதற்கு ஒத்துப்போகிறது. 2000ஆம் ஆண்டில் வந்த அது, பந்தை இன்னும் வேகமாகத் துள்ளவைக்கும் மட்டை. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் விதிக்குப் புறம்பானது என்றது. ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்போ அப்போது தடுக்கவில்லை. நம் நாடு ஆர் அண்ட் ஏ வழியில் போவதால் அப்போது இங்கே அது சட்டப்படியான மட்டையாக இருந்தது. போட்டிக்குப் போகாத வாரக்கடைசி ஆட்டக்காரர் ஆடினால் என்ன தப்பு என்று ஆர்னல்ட் பால்மரே ஆதரவாகப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அமெரிக்காவில் எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடுகிறவருக்குக்கூட ‘ஏமாற்று மட்டை’ என்ற பேச்சு கூசும்போலும். அதற்கு முன்பே, 1970களில், ‘போலாரா’ என்ற பந்து இருந்தது. குழிகளைச் சீரில்லாமல் அமைத்ததால் அது காற்றிலேயே தன் கோணலைக் குறைத்துக்கொள்ளும். 1981இல் பந்து எல்லாப் பக்கமும் ஒரேபோல் பறக்க வேண்டும் என்று விதியே எழுதிவிட்டார்கள்.

பந்து என்றதும் எனக்கு நம் மண் நினைவுக்கு வந்துவிடுகிறது. 1840களின் பிற்பாதிவரை குழிப்பந்து என்பது தோலுக்குள் இறகு திணித்துத் தைத்தது. கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் மூன்று நான்கு பந்துக்கு மேல் செய்ய முடியாது, விலையோ எக்கச்சக்கம். அதை ஒழித்தது இந்தத் தீபகற்பத்துக் காட்டு மரத்தின் பால். கெத்தா பெர்ச்சா என்ற அந்தப் பிசினைச் சுடுநீரில் இளக்கி உருட்டினால் பந்து. செயின்ட் அண்ட்ரூஸில் இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சன், புதுப் பந்தைக் கண்டாலே எரிச்சலடைந்தவர். அதை வைத்து ஆடியதால் அவருக்கும் அவரிடம் வேலை பார்த்த டாம் மோரிஸுக்கும் உறவு முறிந்தது. ஒருவருடைய பிழைப்பு அதில் இருந்தது என்பதால் என்னால் ராபர்ட்சனைக் கேலி செய்ய முடியவில்லை.

அடுத்த மாற்றம் 1898இல். அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குட்ரிச் ரப்பர் ஆலையில், கோபர்ன் ஹாஸ்கெல் என்பவருக்கு ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்தாக்கும் யோசனை வந்தது. அந்தப் பந்து உலகையே பிடித்துக்கொண்டது. மாமாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். தோட்டத்துப் பிள்ளைகள் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை நூலாக இழுத்து, சுற்றிச் சுற்றிப் பந்து செய்ததைத்தான் நானும் நீங்களும் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோமே. கங்காணி பார்த்தால் ஏச்சு விழும். ஒட்டுப்பாலும் எடை போடும் சரக்கு.

ஹாஸ்கெல் பந்தில் வென்ற குட்ரிச், 1906இல் அடுத்த படிக்குப் போனது. உள்ளே நூலுக்குப் பதிலாக அழுத்திய காற்று. ‘நியூமேட்டிக்’ என்று பெயர். வெயில் ஏறினால் பந்து வெடித்துவிடும், சில நேரம் ஆட்டக்காரரின் கால்சட்டைப் பைக்குள்ளேயே. குளிர்நாட்டிலேயே அந்தக் கதி என்றால், மார்ச் மாதத்துக் கோலசிலாங்கூர் வெயிலில் அதைப் பையில் போட்டுக்கொண்டு நடந்திருந்தால்?

1980களில் ஜாக் நிக்லாஸ் முன்னின்று கொண்டுவந்த ‘கேமன்’ பந்தின் மீது மட்டும் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சாதாரணப் பந்து போகும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் போகும். அதனால் சின்ன நிலத்திலேயே முழு ஆட்டமும் ஆடலாம். கேமன் தீவில் அதற்கென்றே ஒரு திடலும் அமைத்தார்கள். ஆனால் கொஞ்ச தூரம் போகும் பந்தை யார் வாங்குவார்? அது பரவியிருந்தால், கோல்ஃபுக்காகத் தோட்டத்தில் பாதியையாவது விட்டுவைத்திருப்பார்களா என்று நினைத்துப் பார்க்கிறேன். விட்டிருக்க மாட்டார்கள், அந்தப் பாதியிலும் வீடு கட்டியிருப்பார்கள்.

மாமாவின் மகள் படிப்பை முடித்து ஷா ஆலாமில் வேலை பார்க்கிறாள். முதல் சில மாதச் சம்பளத்தில் சங்கிலி மீண்டு வந்தது. மூன்று மட்டைகள் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நான்காவதைப் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சில வருடங்களுக்கு முன்பு வாங்கிக்கொண்டார். அவருக்குக் காது மந்தம். அடி நேராகப் போகிறது என்று மகிழ்ச்சி. காலை ஏழரைக்குத் திடலின் முதல் மேட்டிலிருந்து அந்தத் தகர ஓசை எழுந்ததும், தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் தலையைத் தூக்காமலே, “வாத்தியார் வந்துட்டாரு” என்பார்களாம்.