முன் சக்கரம் பாவம்!

அந்த வெள்ளை போலோவை அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது, அப்பா ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, “சின்ன வண்டிதானே தம்பி, இதுக்கா இவ்வளவு காசு?” என்றுதான் கேட்டார். ஒரத்தநாட்டுப் பக்கம் ஐந்து ஏக்கர் நஞ்சை, ஒரு பழைய டிராக்டர். வண்டி என்றால் என்ன என்பது அப்பாவுக்கு அந்த அளவில்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனுக்கோ, டிக்கியில் ஒட்டியிருந்த ‘ஜிடி டிஎஸ்ஐ’ என்ற எழுத்துகளுக்குத்தான் காசு.

1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். 2013-ல் இங்கே வந்தபோது, குடும்பத்தோடு கோயிலுக்கும் போகலாம், காலை அழுத்தினால் சீறவும் செய்யும் என்று இளைஞர்கள் கொண்டாடிய கார். இந்த ரகத்துக்கு ‘ஹாட் ஹேட்ச்’ என்று பெயர். அடுத்தடுத்து 145 குதிரைத்திறனோடு அபார்த் புன்டோ வந்தது. 192 குதிரைத்திறனோடு போலோ ஜிடிஐ வந்தது. 99 வண்டிகள்தான், விலை 25 லட்சத்துக்கும் மேல். அவ்வளவுக்கு யாரிடம் இருக்கிறது? அதனால்தான் போலோ வைத்திருக்கும் பையன்கள் ‘ரீமேப்’ பக்கம் போகிறார்கள்.

அவனும் போனான். கோயம்புத்தூரில் ஒரு டியூனரிடம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் லேப்டாப்பைச் செருகினார்கள். இரண்டு மணி நேரம், நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நட்டு ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. டர்போ வண்டியில் இது சுலபம். வெளியேறும் புகை ஒரு விசிறியைச் சுற்றுகிறது, அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. எவ்வளவு அமுக்கலாம் என்பதை கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை மாற்றினால் இருபது, முப்பது குதிரை கூடுதலாக வந்து நிற்கும். கம்பெனி ஏன் அதைக் கொடுக்கவில்லை? மே மாத வெயில், 91 ஆக்டேன் பெட்ரோல், ஊருக்கு ஊர் மாறும் தரம், வாரன்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருந்த இடைவெளி அது. அந்த வண்டியின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி தாங்கும் அளவே 250 நியூட்டன் மீட்டர். டியூனர் அந்த எல்லைக்குக் கீழேயே நிறுத்தியிருந்தார். நல்ல டியூனர்.

ஊருக்கு வந்த முதல் மழைநாளில், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வேகம் காட்டினான். முன் டயர்கள் வழுக்கிச் சுற்றின, ஸ்டீயரிங் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னியது.

“முன் சக்கரம்தான் இழுக்குதா தம்பி?”

“ஆமாப்பா.”

“அப்ப எப்படிப் பிடிக்கும்? ஏர் போட்டு இழுக்கும்போது டிராக்டருக்கு மூக்கு தூக்கிக்கும் பாத்திருக்கியா? பாரமெல்லாம் பின்னாடி போயிரும். டிராக்டருக்கு பின் சக்கரம் இழுக்குது, அதனால நல்லது. உன் வண்டிக்கு இழுக்கிற சக்கரத்துலேர்ந்தே பாரம் போயிருதே!”

எந்தக் கார் பத்திரிகையும் இதைவிடத் தெளிவாக எழுதியதில்லை. இழுப்பதும் அவைதான், திரும்புவதும் அவைதான், பிரேக் பிடிக்கும்போது பெரும் பாரம் தாங்குவதும் அவைதான். முன் சக்கரத்துக்கு இருப்பது ஒரே பிடிமானம், அதைத்தான் மூன்று வேலைக்கும் பங்கு போட வேண்டும். இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால், பல வண்டிகளில் இடது, வலது டிரைவ் ஷாஃப்ட்களின் நீளமும் ஒன்றாக இருக்காது. டார்க் கூடக் கூட ஸ்டீயரிங் பிடுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். முன் சக்கரத்தில் 300 குதிரைத்திறனுக்கு மேல் இறக்கும் ஹோண்டா சிவிக் டைப் ஆர் 2023-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கை 7 நிமிடம் 44.881 விநாடிகளில் சுற்றியது. அதற்காக முன் சஸ்பென்ஷனையே தனியாக வடிவமைத்து, லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் வைத்து, பந்தய டயருக்குப் பக்கத்தில் நிற்கும் டயரைப் போட்டிருந்தார்கள். லேப்டாப்பில் அது கிடைக்காது.

இது அவனுக்கு உறைத்தது குறுவை அறுவடையின்போது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், டெல்டாவில் பாதி ரோடு களமாகிவிடும். மாசி, பங்குனியில் உளுந்துச் செடியைப் பரப்பி, வருகிற வண்டிகளையே போரடிக்கவைப்பதும் உண்டு. ஒரு வளைவைத் தாண்டியதும் நெல். அதன் மேல் காலால் கோடு போட்டுக் கிளறியபடி ஒரு பாட்டி. பிரேக்கை மிதித்தான். ஏபிஎஸ் தடதடத்தது, நெல்மணிகள் மேல் வண்டி சறுக்கிக்கொண்டே போனது. பாட்டிக்கு நாலடி முன்னால் நின்றது. அந்த அம்மா திட்டவில்லை. “நெல்லு சிதறிப்போச்சேய்யா” என்று மட்டும் சொன்னார். அவன் இறங்கி, கையால் அள்ளிச் சேர்த்துக் கொடுத்தான். கை நடுங்கியதில் பாதி மறுபடியும் சிந்தியது.

60 கிலோமீட்டர் வேகத்தைவிட 85-ல் வண்டியின் ஆற்றல் இரண்டு மடங்கு. பிரேக் அதே பழைய பிரேக். அந்த போலோவில் பின்னால் டிஸ்க்கூட இல்லை, டிரம்தான்.

அந்த மாதச் சம்பளத்தில் நாலு டயர்களையும் மாற்றினான். அதே 185/60 ஆர்15 அளவு, ரப்பர் மட்டும் உசத்தி. பிரேக் பேட் மாற்றினான், பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்றினான். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒரு முறை காசு கட்டி ஓட்டிப் பார்த்தான். நாலாவது சுற்றில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. ஹெல்மெட்டும் ஆம்புலன்ஸும் இருக்கிற இடத்தில் அது தெரிந்ததே நல்லது. 2018-ல் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து டியாகோ ஜேடிபியைக் கொண்டுவந்தபோது, 114 குதிரைத்திறன் டர்போவோடு நிறுத்தவில்லை. சஸ்பென்ஷன், டயர், கியர் விகிதம் எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். ஏன் என்று அவனுக்கு இப்போது புரிந்தது.

வீட்டில் இதெல்லாம் முழுசாகத் தெரியாது. அம்மாவிடம் “டயர் தேஞ்சுபோச்சு” என்று சொல்லி முடித்துக்கொண்டான். அப்பா மட்டும் புது டயரை நகத்தால் அழுத்திப் பார்த்து, “மெத்துன்னு இருக்கே, சீக்கிரம் தேஞ்சுரும்” என்றார். அதுவும் சரிதான்.

டியூனர் போனில் கூப்பிட்டார். ‘ஸ்டேஜ் டூ’வாம். புகைக்குழாயை மாற்றி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் இன்னும் ஒரு பிடி கூடுமாம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூடக் கிடைக்கலாம். மென்பொருள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக அது சரி என்று ஆகிவிடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம். ரீமேப்பை எடுத்துவிடலாமா என்று அவனுக்கு இன்னும் இரண்டு மனசு. பழைய கணக்கு டியூனரிடம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஏற்றலாம்.

வண்டி 2014 மாடல். 2029-ல் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். “கன்வெர்ட்டர் அப்படியே இருக்கட்டும் சார்” என்று சொல்லி போனை வைத்தான்.