ஜெனீவாவிலிருந்து பிச்சாட்டூருக்கு

ஆந்திரத்தின் சிறிய அணை ஒன்று, தமிழகத்தின் கவலையாக மாறும் நேரம் எது? உலக அறிவியல் அமைப்பின் தீர்மானங்களுக்கும் அங்கேதான் சோதனை.

ஊத்துக்கோட்டையைத் தாண்டிய சில நிமிடங்களில் தமிழகம் முடிந்துவிடுகிறது. பெயர்ப் பலகைகள் தெலுங்குக்கு மாறுகின்றன. கடைவீதிப் பேச்சு மட்டும் இரண்டு மொழிகளிலும் தொடர்கிறது. ஆரணி ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை உண்ட சிவன், பார்வதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் கோயில் அங்கே இருக்கிறது. நாகலாபுரம் வழியாகப் புத்தூர் சாலையில் மேலும் சென்றால் பிச்சாட்டூர். 2022இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்குள் வந்த ஊர்.

எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்கள் 'பிச்சாட்டூர் ஏரி' என்பார்கள். உண்மையில் அது ஆரணி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை. உயரம் 31 அடி, கொள்ளளவு 1.85 டி.எம்.சி. பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் ஒரு குட்டை. கோடையில் தமிழகத்தில் யாரும் இதை நினைப்பதில்லை. அப்போது எல்லோர் கண்ணும் அதே ஊத்துக்கோட்டை அருகே எல்லையைக் கடக்கும் கண்டலேறு-பூண்டி கால்வாய் மீது இருக்கும். 1983 ஒப்பந்தப்படி சென்னைக்கு வர வேண்டிய கிருஷ்ணா நீர், 1996இல்தான் முதன்முதலாக வந்து சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காட்சி தலைகீழ். கோடையில் 'தண்ணீர் விடுங்கள்' என்று கேட்ட அதே எல்லையில், 'சொல்லிவிட்டு விடுங்கள்' என்ற கோரிக்கை எழுகிறது.

பிச்சாட்டூரில் திறக்கும் நீர், சுருட்டப்பள்ளியைக் கடந்து ஊத்துக்கோட்டைக்கு வருகிறது. பிறகு திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களின் ஓரமாக ஓடிப் பழவேற்காட்டில் கலக்கிறது. பல ஆண்டுகளாக, ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்ற செய்தியே அணை திறந்ததற்கான அறிவிப்பு போல இருந்தது.

அணைப் பொறியாளருக்கு முன்னால் எப்போதும் ஒரு இக்கட்டு இருக்கிறது. முன்கூட்டியே திறந்துவிட்டு, மழை ஏமாற்றினால், பாசன விவசாயிகள் சும்மா விடமாட்டார்கள். கடைசி வரை தேக்கி வைத்து, நள்ளிரவில் மொத்தமாகத் திறந்தால் கீழே இருக்கும் ஊர்கள் தவிக்கும். அவருக்கு வேண்டியது அவகாசம். அதைத் தரக்கூடியது வானிலை அறிவியல்.

அந்த அறிவியல் உள்ளூர்ச் சரக்கு அல்ல. 2020 நவம்பரில் வந்த நிவர் புயலுக்குப் பெயர் கொடுத்தது ஈரான். 2022 டிசம்பரின் மாண்டஸ் பெயரைத் தந்தது ஐக்கிய அரபு அமீரகம். வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள 13 நாடுகள் சேர்ந்து தந்த பட்டியலில் இருந்து, டெல்லி வானிலை மையம் பெயர்களை எடுத்து அறிவிக்கிறது. இதற்குக் குடை பிடிப்பது ஜெனீவாவில் இருக்கும் உலக வானிலை அமைப்பு. 1950இல் பிறந்த அதற்கு 193 உறுப்பினர்கள்.

அந்த அமைப்பால் எந்த அரசுக்கும் உத்தரவு போட முடியாது. படை கிடையாது, அபராதம் கிடையாது. இருப்பதெல்லாம் அரசுகளோடு உள்ள உறவுதான். அதனால்தான் இத்தகைய அமைப்புகளில் விஞ்ஞானிகளுக்குப் பக்கத்திலேயே கொள்கை, அரசுத் தொடர்புப் பிரிவுகளும் இயங்குகின்றன. சில மாதப் பயிற்சிப் பணிக்குப் பட்டதாரிகளும் வருகிறார்கள். இப்படிப்பட்ட பிரிவில் வேலை என்பது குறிப்பு எழுதுவது, கூட்ட நடவடிக்கைகளைத் தொகுப்பது, தீர்மான வாசகங்களை ஒப்பிடுவது. கேட்பதற்குக் குமாஸ்தா வேலை. ஆனால் ஒரு சொல்லில் உயிர்கள் தொங்கலாம்.

1995இல் வானிலைத் தகவல் பரிமாற்றம் பற்றி அந்த அமைப்பு ஒரு தீர்மானம் போட்டது. அத்தியாவசியத் தகவல்களைத் தடையின்றி, இலவசமாகத் 'தந்தாக வேண்டும்' என்றது அது. மற்றவற்றைத் 'தருவது நல்லது' என்றது. 1999இல் ஆறு, வெள்ளம் பற்றிய தகவல்களுக்கும் இதே பாகுபாடு வந்தது. உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையான தகவல், 'தந்தாக வேண்டும்' பக்கம் நின்றது. 2021இல் எல்லாம் ஒரே கொள்கையாக இணைக்கப்பட்டன. நாடுகள் தண்ணீர்க் கணக்கை ரகசியமாகப் பொத்தி வைக்கும் உலகில் இது சாதாரண வெற்றி அல்ல.

ஆனால் இவை நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடுகள். பிச்சாட்டூரும் ஊத்துக்கோட்டையும் ஒரே நாடு. நீர் நிர்வாகம் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இங்கே எச்சரிக்கை போவது ஒரு மாவட்ட அதிகாரி இன்னொரு மாவட்டத்துக்குச் சொல்லும் தகவலாக. அது சரியான நேரத்தில் போனால் திருவள்ளூர் கிராமங்களில் ஒலிபெருக்கி முழங்கும், கரையோரக் குடும்பங்கள் மேடேறும். தாமதமானால் ஜெனீவாவின் அத்தனை தீர்மானங்களும் காகிதம்தான். ஒரே மாநிலத்துக்குள் இருந்தும், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறப்பு பற்றிய சர்ச்சை நெடுநாள் ஓயவில்லை. மாநில எல்லை வேறு குறுக்கே வந்தால் கேட்க வேண்டியதில்லை.

புயலுக்கு 72 மணி நேரம் முன்பே டெல்லி முதல் எச்சரிக்கையை வெளியிடுகிறது. எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க ஐ.நா. வைத்த கெடு 2027. செயற்கைக்கோளும் கணினியும் அதற்குத் தயார். ஜெனீவாவில் வாசகங்களைத் திருத்தப் பழகும் இளைஞர்கள் பாடம் படிக்க ஏற்ற இடம், மழைக்கால இரவில் இந்த அணைக்கரை. எச்சரிக்கையின் கடைசி முப்பது கிலோமீட்டர், மதகுக்கும் கீழே உள்ள கிராமத்துக்கும் இடையில்தான் இருக்கிறது.