இடைவெளி

என் இரண்டாம் கவிதைத் தொகுப்பு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கூட்டங்களில் பார்ப்பவர்கள், "இப்போதெல்லாம் எழுதுவதில்லையா?" என்கிறார்கள். கேட்கும்போதே குரலில் துக்கம் விசாரிக்கும் தொனி வந்துவிடுகிறது. அந்த நாட்களில்தான் ஐரிஸ் டிமென்ட்டின் பாடல்களைக் கேட்கத் தொடங்கினேன்.

ஐரிஸ், 1961இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 14 பிள்ளைகள் கொண்ட குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. பெந்தெகொஸ்தே வீடு, தேவாலயப் பாட்டு. அம்மா ஃப்ளோரா மேவுக்கு, நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பாட வேண்டும் என்பது இளம்வயதுக் கனவு. நிறைவேறவில்லை. வீட்டு வேலைக்கு நடுவே பாடினார். அந்தக் கனவையே மகள் 'மாமாஸ் ஆப்ரி' என்ற பாட்டாக்கினார். அது இடம்பெற்ற முதல் இசைத்தொகுப்பு 1992இல் வந்தபோது, கடைசிப் பாடலை அம்மாவையே பாடவைத்தார். பயிற்சியில் மெருகேறாத அந்த முதிய குரலைக் கேட்டு, ஓட்டத்தை நிறுத்தி மறுபடி கேட்டேன்.

1994இலும் 1996இலும் அடுத்த தொகுப்புகள் வந்தன. அதன்பின் சொந்தப் பாடல்களால் ஆன முழுத் தொகுப்புக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 16 ஆண்டு மௌனம் என்று எழுதினார்கள். அந்த 16 ஆண்டுகளுக்குள்தான் அவர் மறுமணம் செய்துகொண்டார். ரஷ்யாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். பழைய தேவாலயப் பாடல்களைப் பாடி ஒரு தொகுப்பும் வெளியிட்டார். மகளின் தாய்நாட்டைப் புரிந்துகொள்ள அன்னா அக்மதோவாவைப் படித்து, அவருடைய 18 கவிதைகளுக்கு மெட்டமைத்து 2015இல் வெளியிட்டார். 2023இல் வந்த 'வொர்க்கிங் ஆன் எ வேர்ல்ட்', 2016 அதிபர் தேர்தலுக்குப் பின் தொடங்கியது. ஆறேழு ஆண்டுகள் இழுத்த அந்த வேலையை முடிக்கச் சொல்லி ஊக்கப்படுத்தி, உடன் தயாரித்தவர் கணவரின் மகள் பியெட்டா பிரௌன். ஃப்ளாரியெல்லா என்ற சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிடுவதால், எப்போது தருகிறாய் என்று கெடு வைக்க ஆளில்லை.

மௌனத்தைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. அக்மதோவாவின் மௌனம் அரசு திணித்தது. அச்சேற முடியாத கவிதைகளைத் தோழிகள் மனப்பாடம் செய்து காத்தார்கள். ஐரிஸின் மௌனம், வராத பாட்டை வரவழைக்க மறுத்த மௌனம். ஃப்ளோரா மேயின் மௌனத்துக்கோ ஆண்டுக் கணக்கே கிடையாது. முன்னும் பின்னும் ஒரு தொகுப்பு இருந்தால்தானே நடுவில் இருப்பதை இடைவெளி என்று எண்ண முடியும்? எண்ணப்படுவதற்கே ஒரு பெண் முதலில் மேடையேறியிருக்க வேண்டியிருக்கிறது. என் அம்மாவும் பாடுவார். எத்தனை ஆண்டுகளாகப் பாடவில்லை என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

என் ஒன்பது ஆண்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். கொஞ்சம், சொல் வரும்வரை காத்திருந்தது. மிச்சமெல்லாம் விடைத்தாள், துறைக் கோப்புகள், அடுப்படி. முதலாவது என்னுடையது, அதற்கு யாரிடமும் சமாதானம் சொல்லப்போவதில்லை. இரண்டாவது என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த முறை எழுதுவதில்லையா என்று கேட்பவரிடம், இந்தக் கணக்கை இரண்டாகப் பிரித்தே சொல்வேன்.