ஒரு பழைய கொரோலாவும் நான்கு இன்ஜெக்டர்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களில் படிக்கும் தமிழ் மாணவர்களிடையே கார் என்பது கிட்டத்தட்ட பரம்பரைச் சொத்து மாதிரி. ஒரு பேட்ச் படிப்பை முடித்து வேலைக்குக் கிளம்பும்போது சோபா, பிரஷர் குக்கர், ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்காக வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அடுத்த பேட்ச்சுக்குக் கைமாறும். கடைசியாகக் கார். விலை பேசுவது ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். வாங்குகிறவனுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. விற்கிறவர் அடுத்த வாரம் ஊரிலேயே இருக்க மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நம்பிக்கை என்ற ஒன்று மாட்டிக்கொண்டு முழிக்கும்.

டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக ஊரில், 2024 மே மாதம், அப்படிக் கைமாறவிருந்தது 2005 மாடல் டொயோட்டா கொரோலா ஒன்று. ஒன்றரை லட்சம் மைல் ஓடியது. விற்பவர் மதுரைக்கார சீனியர், படிப்பு முடித்து வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறவர். வாங்கவிருந்தவன் கோயம்புத்தூர் ஜூனியர். முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. சாவி மாறுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குலுங்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு.

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரே மாதிரியான ஒரு சாக்கெட் கட்டாயம். அதில் சின்ன ஸ்கேனரைச் சொருகினால் காரின் கம்ப்யூட்டர் தன் குறையைச் சொல்லும். இந்தக் கார் சொன்னது 'பி0303'. அதாவது மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. எந்த சிலிண்டர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

அதே ஸ்கேனரில் இன்னொரு பட்டனும் உண்டு: அழி. அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும். குறை அப்படியே இருக்கும், விளக்கு திரும்ப வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். கார் கைமாற அது போதும். "அழிச்சுட்டுக் குடுத்துருடா, அவனுக்கு என்ன தெரியப்போகுது?" என்று அறைத்தோழர் ஒருவர் யோசனையும் சொன்னார். சீனியர் கேட்கவில்லை. அந்தக் காரை அவர் வாங்கிய முதல் வாரத்திலேயே பேட்டரி செத்து, ராத்திரி பதினொரு மணிக்கு மளிகைக்கடை வாசலில் நின்றவர் அவர். விற்றவர் அப்போது இரண்டு மாநிலம் தாண்டிப் போயிருந்தார்.

பக்கத்து ஒர்க்ஷாப்பில் கேட்டார்கள். கோடைப் பார்த்ததுமே, "இன்ஜெக்டராக இருக்கும், நாலையும் மாற்றணும்" என்று பதில் வந்தது. மணிக்கு நூறு டாலருக்கு மேல் கூலி சாதாரணமாகிவிட்ட நாட்டில், அவர்கள் சொன்ன தொகை பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. எதையும் சோதித்துப் பார்க்காமலேயே!

கோயம்புத்தூரிலிருந்து ஜூனியரின் அப்பா போனில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஏங் கண்ணு, கார்புரேட்டரக் கழட்டி ஜெட்ட ஊதிப் பாத்தியா?"

"இதுல கார்புரேட்டரே இல்லீங்கப்பா."

"அப்பறம் பெட்ரோலு எப்படிப் போகுது?"

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை அது. அப்பாவின் 1990-களின் மாருதி 800-இல் இன்ஜின் இழுக்கும் காற்றே பெட்ரோலையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அதற்கு வழிவிடும் பித்தளைத் துண்டு ஜெட். அடைத்துக்கொண்டால் மெக்கானிக் கழற்றி வாயால் ஊதி மாட்டிவிடுவார். இன்ஜெக்டர் வேறு சாதி. அது மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு வால்வு. உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு ஸ்பிரிங், ஓர் ஊசி. கம்ப்யூட்டர் மின்சாரத்தை விட்டால் ஊசி மேலே எழும், பெட்ரோல் பனிபோலத் தெளிக்கும். வெறும் இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு முறையும் திறந்திருப்பது இரண்டு மூன்று மில்லிவினாடி மட்டும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல்.

இந்த யோசனை பழையது. 1958-இலேயே கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்ஷன் வந்தது. அன்றைய எலக்ட்ரானிக்ஸ் தாங்கவில்லை, பெரும்பாலானவற்றில் திரும்பவும் கார்புரேட்டரை மாட்டினார்கள். 1967-இல் பாஷ் நிறுவனத்தின் அமைப்பு ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தபிறகுதான் அது நிலைத்தது. புகைக் கட்டுப்பாடு கடுமையாக ஆக, பெட்ரோலைத் துளித்துளியாக அளந்து ஊற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. கார்புரேட்டருக்கு அந்தக் கணக்கு வராது.

இந்தக் கொரோலாவின் ஒரு இன்ஜெக்டர் அதுவரை எத்தனை முறை திறந்து மூடியிருக்கும்? சராசரி வேகம் மணிக்கு 30 மைல் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் மைலுக்கு 5000 மணி நேரம். இன்ஜின் நிமிடத்துக்குச் சராசரியாக 1800 சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒரு தெளிப்பு. ஆக மொத்தம் 27 கோடி முறை! அதில் ஒன்று களைத்துப்போயிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் களைத்தது அதுதானா என்பதுதான் கேள்வி.

ஒரு சிலிண்டர் எரியாமல் போகப் பொறி வராமல் இருக்கலாம், பெட்ரோல் வராமல் இருக்கலாம், அழுத்தம் இல்லாமல் இருக்கலாம். ஜூனியர் இன்டர்நெட்டில் நான்கு இன்ஜெக்டரையும் கூடையில் போட்டே விட்டான். "டேய், அவசரப்படாத. காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஓசியில என்ன பாக்க முடியும்னு பாரு" என்றார் சீனியர்.

ஓசியில் நிறையப் பார்க்க முடிந்தது. இந்தக் காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில். மூன்றாவதின் காயிலை இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை மூன்றாவதில் மாட்டி ஓட்டினார்கள். காயில் கெட்டிருந்தால் கோடு பி0302 என்று மாறியிருக்கும். மாறவில்லை, காயில் நிரபராதி. ஸ்பார்க் பிளக்கையும் அதேபோல இடம் மாற்றினார்கள், அதுவும் நிரபராதி. உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டி அழுத்தம் அளக்கும் கேஜை இரவல் வாங்கினார்கள் (திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பி வரும், இது அமெரிக்காவின் நல்ல பழக்கங்களில் ஒன்று). நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. வால்வும் பிஸ்டனும் பிழைத்தன.

அடுத்து இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். மூன்றாவதும் டிக்கிடத்தான் செய்தது. மல்டிமீட்டரில் நான்குக்கும் மின்தடை கிட்டத்தட்ட சமம். கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது, ஊசியும் அசைகிறது. ஆனால் அசைந்தால் மட்டும் பெட்ரோல் சரியாகத் தெளிக்கும் என்று சொல்ல முடியாது. வாய் அடைத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, கழற்றி இடம் மாற்றிப் பார்ப்பது.

இங்கேதான் விளையாட்டு முடிந்து வேலை ஆரம்பிக்கிறது. காரணம், பெட்ரோல். இன்ஜெக்டர்களுக்கு மேலே ஓடும் குழாயில், அதாவது ஃப்யூவல் ரெயிலில், சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. இன்ஜினை நிறுத்தினாலும் அது நெடுநேரம் இறங்காது. அப்படியே குழாயைப் பிடுங்கினால் முகத்தில் பீய்ச்சும். சூடான இன்ஜின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தில் பார்க்கிங்கில் ரிப்பேர் கூடாது என்று எழுதியிருந்தது. அதனால் வாடகை வீடு எடுத்திருந்த நண்பர்களின் வாசலில் வேலை. கராஜுக்குள் வேண்டாம் என்று சீனியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் அந்த நெருப்பைத் தொடும். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின், திறந்த வாசல், கண்ணாடி, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான். ஒரு வாளி தண்ணீரோடு வந்த ஜூனியர் திருப்பி அனுப்பப்பட்டான். எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே பரவும்.

முதலில் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து இன்ஜினை ஓட்டினார்கள். குழாயில் இருந்ததைக் குடித்துவிட்டு இன்ஜின் தானாக நின்றது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார்கள். இன்ஜெக்டர்களைச் சுற்றியிருந்த பத்தொன்பது வருடத் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார்கள். இதை விட்டால் கழற்றும்போது மண் உள்ளே விழும், நேராக சிலிண்டருக்குப் போகும். பெட்ரோல் குழாயின் இணைப்பைத் துணி சுற்றிக் கழற்றியபோது மிச்சமிருந்த கொஞ்சம் கசிந்தது. கனெக்டர்கள், ரெயிலின் போல்ட்டுகள், ஒரு மெதுவான இழுப்பு. நான்கு இன்ஜெக்டர்களும் மாட்டின் மடிக்காம்புகள் மாதிரி ரெயிலோடு தொங்கிக்கொண்டு வந்தன.

ஒவ்வொன்றிலும் பெட்ரோல் பக்கம் ஒரு சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங். புதிதில் நெகிழ்வாக இருந்திருக்கும். இப்போது பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, விரலால் வளைத்ததும் ஒன்று பட்டென்று உடைந்தது. இந்தியாவில் 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியபோது பழைய வண்டிக்காரர்களின் கவலைகளில் ஒன்று இந்த மாதிரி ரப்பர்களைப் பற்றியது. சில டாலர் பெறாத இந்த வளையம்தான் 3 பார் பெட்ரோலையும் சூடான இன்ஜினையும் பிரித்து வைக்கிறது. பழையதையே திரும்பப் போடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. புது வளையத்தில் ஒரு துளி பெட்ரோலோ மெல்லிய எண்ணெயோ தடவி, திருகாமல் நேராக அழுத்தினார்கள். மாட்டியபின் இன்ஜெக்டரை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். வழுவழுவென்று சுழன்றால் வளையம் மடங்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது இன்ஜெக்டர் முதல் சிலிண்டருக்குப் போனது, முதலாவது மூன்றாவதுக்கு வந்தது. இன்ஜெக்டர் கனெக்டர்களை மாட்டாமலேயே ஸ்டார்ட்டரைச் சில வினாடி சுழற்றினார்கள். பம்ப் ஓடி ரெயிலில் அழுத்தம் ஏறும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தார்கள், விரலால் தடவி மோந்தார்கள். ஈரம் இல்லை. பிறகுதான் கனெக்டர்களை மாட்டி ஓட்டினார்கள்.

மறுநாள் மாலை ஸ்கேனர் சொன்னது: பி0301. குறை இன்ஜெக்டரோடு சேர்ந்து முதல் சிலிண்டருக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஒர்க்ஷாப்காரர் சொன்னது சரிதான்! ஆனால் அவர் சொன்னது ஊகம், இப்போது கையில் இருப்பது சாட்சி. ஊகம் தப்பாகியிருந்தால் நான்கு புது இன்ஜெக்டர்களோடு அதே குலுக்கல் தொடர்ந்திருக்கும்.

சரி, ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? ஜூனியரும் இதைத்தான் கேட்டான். இந்த இன்ஜினில் கலவையைச் சரிபார்க்கும் முதல் ஆக்சிஜன் சென்சார் நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றாகக் கலந்தபிறகுதான் இருக்கிறது. ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்தால் அதற்கு மொத்தமாகத்தான் தெரியும். உடனே கம்ப்யூட்டர் நான்குக்கும் சேர்த்து அதிகம் ஊற்றச் சொல்லும். பட்டினி கிடப்பவனுக்காகப் பந்தியில் எல்லோருக்கும் கூடப் பரிமாறுகிற மாதிரி. நான்கும் ஒரே அளவு தெளித்தால்தான் கணக்குச் சரியாக வரும். அதனால் சுத்தம் செய்து, ஓட்டம் அளந்து, ஜோடி சேர்த்த ஒரிஜினல் இன்ஜெக்டர்கள் நான்கை வாங்கினார்கள். நம்ப முடியாத மலிவில் நான்கு 'புதிது' இணையத்தில் கிடைக்கத்தான் செய்தது. அளவு எழுதப்படாத மலிவை சீனியர் தொடவில்லை.

இரண்டாவது முறை கழற்றி மாட்ட ஒன்றே கால் மணி நேரம்தான் ஆனது. இந்த முறை ஸ்பேனர் ஜூனியர் கையில், சீனியர் டார்ச் மட்டும் பிடித்தார். சிக்னலில் கார் குலுங்கவில்லை. ஒரு வாரம் ஓட்டியும் விளக்கு வரவில்லை. செலவைப் பாதி பாதி போடலாம் என்று ஜூனியர் சொன்னான். "முன்பணம் வாங்கினப்ப வண்டி நல்லா இருக்குன்னு சொல்லித்தான் வாங்குனேன்" என்று மறுத்துவிட்டார் சீனியர். இன்ஜெக்டர்களோடு வந்த அளவுச் சீட்டையும் காரோடு கொடுத்தார்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கோடை அழித்தால் விளக்கோடு சேர்ந்து இன்னொன்றும் அழியும். கார் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொண்டு 'தயார்' என்று குறித்து வைத்திருக்கும் பட்டியல் காலியாகிவிடும். அது திரும்ப நிரம்பப் பல நாள் ஓட வேண்டும். மலிவான ஸ்கேனரிலும் அந்தப் பட்டியல் தெரியும். விளக்கு எரியாத காரில் பட்டியல் பெரும்பாலும் 'தயாரில்லை' என்று காட்டினால், பேட்டரி மாற்றினார்களா, கோடை அழித்தார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். நல்லவர் என்றால் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லத் திணறினால் இன்னும் ஒரு வாரம் பஸ்ஸில் போவது நல்லது.